மழைக்காத்து ஊர்ல ஒரு பழைய லாரி மாடல்: உரிச்சு, பட்டி பாத்து, பெயின்ட் அடிக்கிற வரைக்கும்

[மேசை மேல தூசி படிஞ்ச பிளாஸ்டிக் லாரி. கேமரா மெதுவா கிட்ட போகுது.]

மக்களே, இது பீட்டர்பில்ட் 359. அமெரிக்காவுல 1967-ல இருந்து 1987 வரைக்கும் வந்த நீள மூக்கு லாரி. மேசையில இருக்கிறது ஏஎம்டி கம்பெனிக்க 1/25 கிட், அதாவது பாகம் பாகமா வாங்கி நாமளே ஒட்டிக் கட்டுற மாடல். கல்ஃப்ல இருந்து யாரோ கொண்டு வந்து, சின்னப் பையன் ஒருத்தன் கட்டி, தக்கலையில ஒரு வீட்டு மச்சுல கிடந்தது. சிவப்பு எனாமல் பெயின்ட்டை பிரஷ்ல அப்பியிருக்கான். குரோம் உரியுது. ரெண்டு டயர் ரிம்முக்குள்ள உருகி இறங்கியிருக்கு. எனக்கு புது பெட்டியைப் பிரிக்கிறதைவிட இப்படி ஒண்ணு கையில கிடைச்சாதான் சந்தோசம்.

கிட் கட்டுறதுக்கு வீடியோ எக்கச்சக்கம் கிடக்கு. பெரும்பாலும் காத்து காய்ஞ்சு கிடக்கிற ஊர்க்காரங்க எடுத்தது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழை இல்லாத நாள்ல கடல்காத்து. அவங்க சொல்றதை அப்படியே இங்க செஞ்சா பெயின்ட்டுல மாட்டிக்கிடுவோம். அதனால இன்னைக்கு பாதிக்கு மேல பெயின்ட் கதைதான்.

[ரெண்டு அளவுகோல், பக்கத்துல பொம்மை அம்பாசடர்.]

முதல்ல அளவு. 1/25-ன்னா நிஜ வண்டியில 25 மில்லிமீட்டர் இங்க 1 மில்லிமீட்டர். அமெரிக்க கிட் நிறைய 1/25, டமியா மாதிரி ஜப்பான் கிட் நிறைய 1/24. ஒரு நம்பர் வித்தியாசம்தானேன்னு கலக்கக்கூடாது. அம்பாசடர் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். 1/24-ல அது 17.9 சென்டிமீட்டர், 1/25-ல 17.2. அலமாரியில தனித்தனியா நிக்கும்போது தெரியாது. ஒண்ணுக்க கதவை மத்ததுல பொருத்திப் பாருங்க, அப்ப தெரியும்.

[லாரி ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள, பை ஃப்ரீசருக்குள்ள.]

இனி பிரிக்கணும். எதை வச்சு ஒட்டியிருக்குன்னு முதல்ல பாருங்க. ஃபெவிகுயிக் மாதிரி பசைன்னா ஃப்ரீசர்ல ரெண்டு மூணு மணி நேரம் வச்சா நொறுங்குற பதத்துக்கு வரும், லேசா திருகினா டக்குன்னு விட்டுரும். பையை நல்லா கட்டி வைங்க. மீனுக்குப் பக்கத்துல வச்சா வீட்ல ஏச்சு நிச்சயம். பிளாஸ்டிக் சிமென்ட்னு சொல்ற கிட் பசைன்னா விசயம் வேற. அது ஒட்டுறதே கிடையாது, ரெண்டு பக்கத்தையும் கரைச்சு ஒண்ணாக்கிடும். வரலைன்னா மல்லுக்கட்டாதீங்க, நுண் ரம்பம் வச்சு கோட்டோட அறுங்க.

பெயின்ட்டை உரிக்க பிரேக் ஆயில் போதும், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கிடைக்கிற டாட் 3. கையுறை போட்டு, மூடி உள்ள டப்பாவுல ஒரு ராத்திரி ஊற வச்சு, பழைய பல்லு பிரஷ்ல தேய்ச்சா எனாமல் தோலா உரிஞ்சு வரும். பொறவு சோப்புத் தண்ணியில நல்லா கழுவுங்க. கண்ணாடிக்குப் பதிலா வாற தெளிவான பிளாஸ்டிக் பாகங்களை அதுல போடாதீங்க. தின்னர், பெட்ரோல், நகப்பாலிஷ் எடுக்கிற திரவம், மூணுக்கும் 'வேண்டாம்'தான். கிட் பாலிஸ்டைரின் (சுருக்கமா ஸ்டைரின்) பிளாஸ்டிக், கரைஞ்சோ வெடிச்சோ போகும்.

பழைய குரோமுக்கு துணி வெளுக்கிற ப்ளீச். உள்ள போட்டு கொஞ்ச நேரத்துல வெள்ளி காணாமப் போறதைப் பாக்கவே ஒரு தனி சுகம். ஆனா அந்த பாத்திரத்துப் பக்கம் கக்கூஸ் கழுவுற ஆசிட் வரவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு, மூச்சை அடைச்சிரும்.

[ரிம் ஒண்ணு, அதுல டயர் பதிஞ்ச பள்ளம்.]

இந்தப் பள்ளத்தைப் பாருங்க. வெயில்ல உருகினதுன்னு எல்லாரும் நினைப்பாங்க. இல்ல. டயர் வினைல். அதை வளைய வைக்க சேர்த்த எண்ணெய் மாதிரி பொருள் வருசக்கணக்குல கசிஞ்சு பக்கத்துல இருக்கிற ஸ்டைரினைத் தின்னுது. ரிம்முல பட்டி வச்சு இழைச்சு, டயர் மாட்டுறதுக்கு முந்தி நடுவுல மெல்லிசா அலுமினியத் தாள் சுத்திருங்க.

[கதவு இடுக்கு, கேமரா ரொம்ப கிட்ட. கத்தி முனையால கோடு இழுக்கிற கை.]

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறோம். நிஜ வண்டியில கதவு இடுக்கு 5 மில்லிமீட்டர்னு வைங்க. 1/25-ல அது 0.2. அடிப்பூச்சு பிரைமரு, கலரு, மேல பளபளப்புக்கு கிளியருன்னு நீங்க அடிக்கிறது மொத்தம் 0.1 வந்தா, இடுக்குக்க ரெண்டு சுவரும் சேர்ந்து 0.2. கதை முடிஞ்சு, கதவே இல்ல. அந்த 0.1 நிஜ லாரியில ரெண்டரை மில்லிமீட்டர் கனம், வீட்டுச் சுவருக்கு சிமென்ட் பூசின மாதிரி. பழைய மாடல் 'பொம்மை'யா தெரியுறதுக்கு காரணம் கலரு மோசம்னு சொல்லுவாங்க. என்னைக் கேட்டா கனம்தான்.

அதனால பிரைமருக்கு முந்தியே கத்திக்க முதுகுப் பக்கத்தை வச்சு எல்லா இடுக்கையும் ஒரு தடவை ஆழப்படுத்துங்க. அழுத்தாம, ஒரே திசையில, திரும்பத் திரும்ப. மெல்லிசா சுருள் வரும், அதுதான் சரியான அடையாளம். பட்டி பாக்குறது பெயின்டிங் பட்டறையில பாத்த மாதிரியே: வைங்க, ஒரு நாள் விடுங்க, காய்ஞ்சா சுருங்கும், திரும்ப வைங்க. வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டு தேய்க்கிற உப்புத்தாள்) 400, பொறவு 800, கடைசியா 1200.

[வெள்ளையா மங்கின ஒரு கருப்பு பேனட், பக்கத்துல பளபளன்னு இன்னொண்ணு.]

இந்த ரெண்டும் ஒரே டப்பா லாக்கர் (தின்னர்ல கரையுற, வேகமா காயுற பெயின்ட்), ஒரே கை. இடது பக்கம் மழைநாள்ல அடிச்சது. ஏன் வெளுக்குது? லாக்கர்ல இருக்கிற தின்னர் வேகமா ஆவியாகும்போது பெயின்ட்டுக்க மேல்பரப்பைக் குளிர வைக்குது. காத்துல ஈரம் அதிகம்னா அந்தக் குளிர்ந்த இடத்துல நீர் படியும். பெயின்ட் அந்த நீரை உள்ள வச்சே இறுகிரும். ஸ்ப்ரே டப்பாவுல இது இன்னும் மோசம், வாயு வெளிய வரும்போதே குளிர்ந்துதான் வருது. அடிக்கும் முந்தி டப்பாவை வெதுவெதுப்பான தண்ணியில வைங்க. கொதிக்கிற தண்ணி வேண்டவே வேண்டாம்.

ஏர்பிரஷ், அதாவது காத்தழுத்தத்துல பெயின்ட் தூவுற கருவி வச்சிருக்கவங்க கம்ப்ரசர்ல நீர் பிடிக்கிற கிண்ணத்தைப் பாருங்க. ஈரக்காத்தை அமுக்கினா தண்ணி பிரிஞ்சு நிக்கும். அதை வடிக்காம விட்டா நடு பேனட்ல ஒரு சொட்டு துப்பும், அதுவும் கடைசி கோட்டுலதான் துப்பும்.

சின்ன ஈரமானி ஒண்ணு வாங்கி மேசையில வைங்க. 70 சதவீதத்துக்கு மேல காட்டினா நான் லாக்கரைத் தொட மாட்டேன். குளச்சல், முட்டம் பக்கம் இருக்கவங்க காலையில வெயில் ஏறின பொறவு, கடல்காத்து உள்ள வாறதுக்கு முந்தி அடிச்சு முடிச்சிருங்க. ஆரல்வாய்மொழிக்காரங்களுக்கு ஈரம் கம்மி, ஆனா அந்தக் கணவாய்க் காத்து காத்தாலையைச் சுத்துறதோட நிக்காது, மண்ணையும் கொண்டு வந்து ஈரப் பெயின்ட்டுல ஒட்டும். அடிச்ச உடனே மூடி வைக்க ஒரு பெட்டி வேணும். மழை விடாத குலசேகரம், பேச்சிப்பாறை ஆட்களுக்கு என்ன சொல்ல? ஜனவரி வரட்டும்.

'அப்ப வருசத்துல பாதி நாள் சும்மா இருக்கணுமா'ன்னு கேப்பீங்க. எதுக்கு? மழைநாள்ல இன்ஜின், சேசிஸ், சீட்டு எல்லாம் தண்ணியில கரையுற அக்ரிலிக் வச்சு பிரஷ்ல செய்யுங்க. அங்க பளபளப்பு வேண்டாம். பளபளப்பு தேவைப்படுறது பாடிக்கு மட்டும்தான். ஏற்கெனவே வெளுத்துப் போச்சுன்னா, காய்ஞ்ச நாள் பாத்து மெதுவா ஆவியாகுற ரிடார்டர் தின்னரை மட்டும் லேசா தூவினா மேல்பரப்பு இளகி, ஈரம் வெளியேறி, பல தடவை கலர் திரும்பி வரும்.

[மரப்பலகை பாடி வச்ச லாரி, பின்பக்கம் துருக்கறை.]

பீட்டர்பில்ட் நமக்கு எதுக்கு, நம்ம ஊரு லாரி வேணும்னு சொல்றவங்களுக்கு. டாட்டாவும் மெர்சிடிஸ் பென்ஸும் 1954-ல சேர்ந்து, 1969 வரைக்கும் கூட்டுல இருந்தாங்க. அந்த மூக்கு வச்ச டாட்டா பென்ஸ் லாரியை ஸ்டைரின் தகடு வெட்டித்தான் நான் கட்டுவேன். பலகைக்கு ஐஸ் குச்சி வைக்காதீங்க. நிஜ மரம்தான், ஆனா அதுக்க ரேகை 25 மடங்கு பெருசா தெரியும். தகட்டுல கம்பி பிரஷ் வச்சு நீளவாக்குல கீறினா போதும்.

துருவை எங்க வைக்கிறதுன்னு தெரியணும்னா குளச்சல்ல மீன் வண்டி பின்னால ரெண்டு நிமிசம் நில்லுங்க. ஐஸ் உருகின உப்புத்தண்ணி பின் மூலையில வடியும், சேசிஸ்ல அந்த ஒரு பக்கம்தான் தின்னுபோயிருக்கும். கூரை சுத்தமா இருக்கும். மாடல்ல முழு வண்டிக்கும் துரு அடிக்கிறவங்க இதைப் பாக்கவே இல்ல. முதல்ல பழுப்பு, மேல ஹேர்ஸ்ப்ரே, அதுக்கு மேல அக்ரிலிக் கலர், பொறவு ஈரத் தூரிகையால அந்த மூலையை மட்டும் தேயுங்க. கலர் செதில் செதிலா விடும்.

உலோக பொம்மை வச்சிருக்கவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. பழைய துத்தநாக வார்ப்புல ஈயம் கலந்திருந்தா, ஈரத்துல உள்ளுக்குள்ளயே அரிச்சு வெடிக்கும். அதுக்கு மருந்து கிடையாது. வெடிப்பு தெரிஞ்சா வேற பாகம் தேடுங்க.

கண்ணாடி ஒட்ட வெள்ளை ஃபெவிகால். காய்ஞ்சா தெரியாது. ஃபெவிகுயிக் ஆவி பட்டா கண்ணாடி மங்கிரும்.

[பளபளக்கிற சிவப்பு கேபின், அதுக்குப் பக்கத்துல ஒரு மூக்கு.]

கிளியர் அடிச்ச பாடியை எப்ப தொடலாம்னு நாள்கணக்கு கேக்காதீங்க, அது மழையைப் பொறுத்தது. மூடி வச்ச பெட்டியைத் திறந்து பாடியை மூக்குகிட்ட கொண்டு போய் மோந்து பாருங்க. பெயின்ட் வாசம் வருதா? காயல. திரும்ப மூடுங்க. வாசம் சுத்தமா போன பொறவுதான் பாலிஷ், டீக்கால் (எழுத்து, கோடு ஒட்டுற படம்) எல்லாம்.