தூக்குக் கயிறுக்கு யார் பயப்படுகிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது புதுச்சேரியே கொதித்தது. கடையடைப்பு, மறியல், எங்கு பார்த்தாலும் ‘தூக்கில் போடு’ என்ற குரல். அந்தக் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெற்ற வயிறு எரியும்போது சட்ட நுணுக்கம் பேசுவது அழகல்ல. ஆனால் ‘நாலு பேரைத் தொங்கவிட்டால்தான் அடுத்தவனுக்குப் பயம் வரும்’ என்கிறார்களே, அதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் கடலூரில் வழக்கறிஞர். அதனால் எங்கள் மாவட்டத்து வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை, 2003 ஜூலை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இளம் தம்பதியைப் பெண் வீட்டாரே பிடித்துவந்து, காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். ஊர் பார்க்க நடந்தது. கொலைக்குத் தூக்கு உண்டு என்பது அங்கே நின்றவர்களில் யாருக்குத் தெரியாது? 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்ததே! அப்படியிருந்தும் கை நடுங்கவில்லை. ஊர் வாய் திறக்காது, போலீஸ் தட்டிக் கேட்காது என்ற தைரியம்தான். அந்தத் தைரியம் வீணும் போகவில்லை. வழக்கு உடனே பதிவாகவில்லை, சி.பி.ஐ. வந்த பிறகுதான் உருப்படியான விசாரணையே நடந்தது. கடைசியில் தண்டனை பெற்றவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு.

கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கு, பன்னிரண்டு பேருக்கு ஆயுள். மறு வருஷம் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. 2025இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. கொலை நடந்த அன்று பிறந்த பிள்ளை, முதல் தீர்ப்பு வருவதற்குள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டது! இத்தனை வாய்தாவுக்குப் பிறகு வரும் தண்டனை, எவ்வளவு கடுமையாக இருந்தால்தான் என்ன, யாரை மிரட்டும்?

ஆய்வுகளும் கைகொடுப்பதில்லை. ஒரு தூக்கு ஏழெட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று 1975இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஐசக் எர்லிச் கணக்குப் போட்டார். அதிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் சண்டை. 2012இல் அந்நாட்டுத் தேசிய ஆய்வுக் குழு எல்லா ஆய்வுகளையும் புரட்டிப் பார்த்து, தூக்கு கொலையைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ சொல்ல இவை உதவாது என்று கைவிரித்தது. ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை அதிகமாகத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நம் சட்ட ஆணையமும் 2015இல் சொல்லிவிட்டது. பயங்கரவாதக் குற்றங்கள், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது தவிர மற்றவற்றுக்கு அதை நீக்கலாம் என்றது. பிரான்சு 1981லேயே ஒழித்துவிட்டது. புதுச்சேரியில் அதை எடுத்துச் சொல்ல நான் தேவையில்லை.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு வேறு ஒரு கவலையும் உண்டு. 2019இல் போக்சோ சட்டத்தில் மரண தண்டனை சேர்ந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் பாலியல் வன்முறை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், செய்தவன் தெரிந்த ஆள்தான்: மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். ‘சொன்னால் உன் மாமாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்’ என்று வீட்டிலேயே பிள்ளையின் வாயை அடைத்தால் புகார் எங்கிருந்து வரும்? செய்தாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், ஒரே சாட்சியான அந்தப் பிள்ளையை அவன் எதற்கு உயிரோடு விடப்போகிறான்?

செய்த பாவத்துக்கு அவன் சாகத்தான் வேண்டும் என்பவரோடு நான் இங்கே வாதாடவில்லை. அது பழிக்கு உரிய நியாயம். அதைத் தனியாகப் பேசலாம். பயம் என்ற பெயரில் அதை விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

பயம் வர வேண்டுமென்றால் பிடிபடுவோம் என்ற நினைப்பு வர வேண்டும். விசாரணை முடியும் கொலை வழக்குகளில் பாதிகூட தண்டனையில் முடிவதில்லை என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். சாட்சி பிறழ்ந்துவிடுகிறார், தடயம் அழிந்துவிடுகிறது. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் அறிவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நம் ஊர் ஸ்டேஷனில் ஒரு கொலை வழக்கு பதிவானால் எத்தனை மணி நேரத்தில் அந்த நிபுணர் வந்து சேர்கிறார், சாட்சி சொல்ல வருபவர் வீட்டுக்குக் காவல் உண்டா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வணக்கம்.