52-இல் 27 போனால் 35? செயலியில் கணக்குப் போட்டால் பிள்ளைக்குக் கணக்கு வருமா?

(திரையில்: மூன்றாம் வகுப்பு நோட்டு. 52 − 27 = 35)

வணக்கம். இந்த விடை தப்பு என்று சொல்ல ஒரு நொடி போதும். எப்படி 35 வந்தது என்று கேளுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. "இரண்டில் ஏழு போகாது. அதனால் ஏழில் இரண்டைக் கழித்தேன், 5. அப்புறம் ஐந்தில் இரண்டு போனால் 3." சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளை சொன்னது இது. அவளுக்குக் கழிக்கத் தெரிகிறது. பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்குவதுதான் பிடிபடவில்லை.

அவளும் அம்மாவின் போனில் தினமும் கணக்குப் போடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு விடைகள் வருகின்றன. முதலாவதைத் தொடுகிறாள், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, பச்சை! நட்சத்திரம் கொட்டுகிறது. பத்தே நிமிடத்தில் இருபது கணக்கு முடிந்தது. கடன் வாங்குவது மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அப்படியென்றால் செயலியே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். குஜராத்தின் வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் 2 மணி நேரம், ஒரு கணினிக்கு இரண்டு பேராக உட்கார்ந்து கணக்கு விளையாட்டு விளையாடினார்கள். கணக்கு மதிப்பெண் நன்றாகவே ஏறியது. ஆய்வு வெளிவந்தது 2007-இல். அதைச் செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2019-இல் பொருளாதார நோபல் வாங்கினார்கள். ஆனால் திட்டம் நின்று ஓராண்டில் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. லீ லிண்டன் என்பவர் குஜராத்தில் செய்த இன்னோர் ஆய்வில், வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு கணினியைக் கொடுத்தபோது பிள்ளைகள் பின்தங்கினார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கொடுத்தபோது முன்னேறினார்கள்.

வதோதராவில் என்னைக் கவர்ந்தது வேறு. பிள்ளைக்கு எவ்வளவு போட வருகிறதோ, அதற்கேற்பக் கணக்கின் கடினம் மாறியது. ஏற்காடு மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். வகுப்பறை என்பது ஒரே பஸ். ஆசிரியர் 12-ஆவது வளைவில் திரும்பினால் எல்லோரும் திரும்பியாக வேண்டும். மூன்றாவது வளைவிலேயே தலைசுற்றி இறங்கிவிட்ட பிள்ளை, ஏறாத பஸ்ஸில் போவதுபோல உட்கார்ந்திருக்கும். நல்ல செயலி அந்தப் பிள்ளையைத் தேடி மூன்றாவது வளைவுக்கே இறங்கி வரும். 2022-இல் நம் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் இதே யோசனைதான். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

சரி, எங்கள் தெருப் பிள்ளை? போனை ஓரமாக வைத்துவிட்டு ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "ஏழு எடு" என்றேன். உதிரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் தானாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவினாள். மறுநாள் அதே செயலியில் விரலை விடைமேல் வைக்காமல், முதலில் நோட்டில் போட்டுப் பார்த்தாள்.

உங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே 52 − 27 கொடுங்கள். விடையோடு நிறுத்தாமல் "எப்படிப் போட்டாய்?" என்று கேளுங்கள். என்ன சொன்னது என்று கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.