பட்டியலில் காலியாக இருக்கும் வரிகள்: ஆஷ் பார்ட்டியின் டென்னிஸ் ஆண்டுகள்

எல்லோருக்கும் வணக்கம்.

டென்னிஸ்காரர்களின் ஆண்டுவாரிப் பதிவு கிட்டத்தட்ட நம் பழைய ரேஷன் கார்டு மாதிரிதான் இருக்கும். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன், மே கடைசியில் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன், அப்புறம் விம்பிள்டன், ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன். இந்த நான்கு பெரிய போட்டிகளைத்தான் கிராண்ட்ஸ்லாம் என்கிறார்கள். எந்தச் சுற்று வரை போனார் என்று கட்டத்துக்குக் கட்டம் ஒரு குறி இருக்கும். ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ் பார்ட்டியின் அட்டையில் 2015-க்கு நேராக ஒன்றுமே கிடையாது. 2020-ல் முதல் இரண்டு மாதம் மட்டும் நிரம்பியிருக்கிறது. 2022 ஜனவரியோடு நின்றுவிடுகிறது. ஆடிய ஆண்டுகளை மட்டும் படித்தால் இவர் பிடிபட மாட்டார் என்பது என் எண்ணம். அதனால் ஆடாத ஆண்டுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், இப்ஸ்விச்சில் பிறந்தவர். தந்தை வழியில் ங்காரிகோ பழங்குடியைச் சேர்ந்தவர். பிரிஸ்பேனில் ஜிம் ஜாய்ஸ் என்ற பயிற்சியாளரிடம் கூட்டிப் போனபோது பள்ளிக்கூட வயதுகூட ஆகவில்லை. அவ்வளவு சின்னப் பிள்ளைகளை அவர் வழக்கமாகச் சேர்ப்பதில்லை. ஒரு பந்தைப் போட்டுப் பார்த்தார், அது நேராகத் திரும்பி வந்தது. சேர்த்துக்கொண்டார்.

2011-ல், 15 வயதில், விம்பிள்டன் சிறுமியர் பட்டம். வந்தது வினை! அடுத்த ஜனவரியிலேயே பெரியவர்களோடு ஆஸ்திரேலிய ஓப்பனில் இறங்கினார், முதல் சுற்றிலேயே தோற்றார். 2013-ல் தன்னைவிடப் பதினோரு வயது மூத்த கேசி டெலாக்வாவோடு சேர்ந்து இரட்டையரில் ஆஸ்திரேலியா, விம்பிள்டன், அமெரிக்கா என்று மூன்று கிராண்ட்ஸ்லாம் இறுதிகளுக்குப் போனார். மூன்றிலும் தோல்வி. ஒற்றையரிலோ முதல் நூறுக்குள்கூட வர முடியவில்லை. வருடத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு ஓட்டல் அறைகளில் கழிந்தது, பத்திரிகைகளோ 'அடுத்த சாம்பியன்' என்று எழுதிக்கொண்டே இருந்தன. அந்தச் சுமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2014 செப்டம்பரில், 18 வயதில், டென்னிஸை நிறுத்தினார். அவருக்கு முன்மாதிரியான, முன்னாள் ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை இவான் கூலகாங் அனுப்பிய செய்தி மிகச் சுருக்கமானது: நல்ல முடிவு, போய்த் தூண்டில் போடு.

நான் அன்று என்ன நினைத்தேன் தெரியுமா? இன்னொரு பிஞ்சிலேயே பழுத்த கதை, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்தக் காலி வரியில் நடந்தது கிரிக்கெட். ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கான டி20 கிரிக்கெட் தொடரான பிக் பேஷ் லீக் 2015 டிசம்பரில் தொடங்கியபோது பிரிஸ்பேன் ஹீட் அணியில் ஆஷ் பார்ட்டி இருந்தார். அதற்கு முன் அவர் முறையாகக் கிரிக்கெட் ஆடியதே இல்லை. முதல் ஆட்டத்தில் மெல்பர்ன் ஸ்டார்ஸுக்கு எதிராக 27 பந்தில் 39 ரன். மிச்ச ஆட்டங்களில் பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அவருக்குக் கிடைத்தது வேறு. அவுட் ஆனால் பக்கத்தில் உட்காரப் பத்துப் பேர் இருந்தார்கள். டென்னிஸில் அது கிடையாது. தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக விமானம் ஏற வேண்டியதுதான்.

2016-ல் திரும்பினார். மறுபடி வந்தபோது ஒற்றையர் தரவரிசை 623. தரவரிசை என்பது கடந்த 52 வாரப் புள்ளிகளின் கூட்டு, ஆடாதவர் கணக்கு கரைந்துபோகும். 2017 மார்ச்சில் கோலாலம்பூரில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து முதல் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதே வாரம் டெலாக்வாவோடு இரட்டையர் பட்டமும் வந்தது. அந்த வருடக் கடைசியில் தரவரிசை 17. 2018-ல் நாட்டிங்ஹாம் பட்டம், கோகோ வாண்டவேயோடு அமெரிக்க ஓப்பன் இரட்டையர் பட்டம். சரி, அதை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அடுத்து 2019.

அதற்கு முன் இவருடைய பேக்ஹேண்ட் ஸ்லைஸ், அதாவது இடப்பக்கம் வரும் பந்தைச் சீவி விடும் அடி பற்றி ஒரு வார்த்தை. மற்றவர்கள் இரண்டு கையாலும் ஓங்கி அடிக்கிற காலத்தில் இவர் ஒற்றைக் கையால் பந்தின் அடியைச் சீவி விடுவார். பந்து தாழ்ந்து வந்து, தரையில் பட்டும் எழும்பாது. எதிராளி முழங்காலை மடக்கி அதைத் தோண்டி எடுக்க வேண்டும். அப்படித் தூக்கிக் கொடுத்த பந்துக்கு இவருடைய ஃபோர்ஹேண்ட், அதாவது வலப்பக்க அடி, காத்திருக்கும். 166 சென்டிமீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு நெட்டையான ஆட்டக்காரர்களைத் திணறடித்தது இப்படித்தான்.

2019 பாரிஸ். அரையிறுதியில் எதிரே 17 வயது அமண்டா அனிசிமோவா. மழையால் அட்டவணை குலைந்துபோனது. பெண்களின் அரையிறுதி இரண்டையும் பிரதான மைதானத்தில் வைக்காமல் வேறு மைதானங்களுக்குத் தள்ளினார்கள். எனக்கு இன்றும் அது உறுத்தல்தான். பார்ட்டி முதல் செட்டில் 5-0 முன்னிலை பெற்றார். அந்த செட்டைத் தோற்றார்! இரண்டாவது செட்டில் 0-3. சாதாரணமாக அதோடு கதை முடியும். அங்கிருந்து தொடர்ந்து ஆறு கேம் வென்று 6-3, மூன்றாவதும் 6-3. இறுதியில் மார்கெட்டா வொண்ட்ரோசோவாவை 6-1, 6-3 என்று சுலபமாக முடித்தார். 1973-ல் மார்கரெட் கோர்ட் வென்றதற்குப் பிறகு பாரிஸில் ஒற்றையர் பட்டம் வென்ற ஆஸ்திரேலியப் பெண் இவர்தான்.

அடுத்து பர்மிங்ஹாம் பட்டம், ஜூன் 24 அன்று உலகின் முதலிடம். இவருக்கு முன் அந்த இடத்தில் இருந்த ஆஸ்திரேலியப் பெண் கூலகாங். 1976-ல் இரண்டு வாரம் மட்டும். ஆனால் அது அப்போது கூலகாங்குக்கே தெரியாது. புள்ளிக் கணக்கில் நேர்ந்த பிழை 2007-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. முதலிடத்தில் இருந்ததை 31 வருடம் கழித்துத் தெரிந்துகொண்டவர்! வருடக் கடைசியில் சீனாவின் ஷென்சென் நகரில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியில் எலினா ஸ்விட்டோலினாவை வென்று பார்ட்டி வாங்கிய பரிசு 44 லட்சத்து 20 ஆயிரம் டாலர். ஆண், பெண் இரு பக்கத்திலும் அதுவரை டென்னிஸில் யாரும் ஒரே போட்டியில் அவ்வளவு வாங்கியதில்லை.

அடுத்த காலி இடம் 2020. கொரோனா வந்ததும் குயின்ஸ்லாந்திலேயே இருந்துவிட்டார். பாரிஸ் பட்டத்தைக் காக்கக்கூடப் போகவில்லை. பெருந்தொற்றுக்காகத் தரவரிசை விதிகளைத் தளர்த்தியிருந்ததால் ஆடாமலே முதலிடத்தில் நீடித்தார். இது நியாயமா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் தப்பில்லை, ஆனால் விதியை அவர் எழுதவில்லை. அந்த நாட்களில் ப்ரூக்வாட்டர் கிளப்பில் கோல்ஃப் ஆடி பெண்களுக்கான கிளப் சாம்பியன்ஷிப்பை வென்றார்.

2021-ல் மயாமி, ஸ்டட்கார்ட் பட்டங்கள். பாரிஸில் இடுப்புக் காயத்தால் இரண்டாம் சுற்றில் பாதியில் விலகினார். விம்பிள்டனுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அந்தக் காயம் எவ்வளவு மோசம் என்பதைப் பயிற்சியாளர் கிரெய்க் டைசர் குழுவினர் அவரிடமே முழுதாகச் சொல்லவில்லை. கூலகாங் 1971-ல் அங்கே முதன்முதலாக வென்றதன் 50-ம் ஆண்டு அது. அன்று அவர் அணிந்த உடையை நினைவூட்டும் வளைவு ஓரம் வைத்த பாவாடையோடு பார்ட்டி இறங்கினார். முதல் ஆட்டமே புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வந்திருந்த கர்லா சுவாரஸ் நவாரோவோடு. கடைசி ஆட்டத்தில் கரோலினா பிளிஸ்கோவாவை மூன்று செட்டில் வென்று கோப்பையை வாங்கினார்.

2022 ஜனவரி. முதலில் அடிலெய்டு பட்டம். பிறகு ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு செட்டும் விடாமல் இறுதிக்கு வந்தார். டேனியல் காலின்ஸுக்கு எதிராக இரண்டாவது செட்டில் 1-5 என்று பின்தங்கி, அதையும் 6-6 என்று சமனானால் ஆடும் டைபிரேக்கருக்கு இழுத்து வென்றார். 1978-ல் கிறிஸ் ஓ'நீல் வென்றதற்குப் பின் அங்கே ஒரு ஆஸ்திரேலியருக்குக் கிடைத்த முதல் ஒற்றையர் பட்டம். கோப்பையை எடுத்துக் கொடுக்க அரங்குக்குள் வந்தவர் கூலகாங்.

மார்ச் 23 அன்று, 25 வயதில், முதலிடத்தில் இருந்தபடியே விடைபெற்றார். அறிவிப்புக்காகப் பெரிய கூட்டம் எதையும் கூட்டவில்லை. பழைய இரட்டையர் தோழி டெலாக்வாவோடு உட்கார்ந்து பேசிய ஒரு காணொளி, அவ்வளவுதான். தரவரிசையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். ஏப்ரல் 4-ல் அந்த இடத்துக்கு வந்தவர் இகா ஸ்வியாடெக். அடிலெய்டு அரையிறுதியில் பார்ட்டி 6-2, 6-4 என்று தோற்கடித்த அதே ஸ்வியாடெக்தான். அந்தக் கடைசி வரியில் ஒற்றையர் கணக்கு இப்படி நிற்கிறது: ஆடியது 11, வென்றது 11.