ஆறு பென்ஸுக்கு ஒரு ஜன்னல்

நேயர்களுக்கு வணக்கம்.

விக்டோரியா மகாராணி காலத்து லண்டனைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். அந்த ஊர்த் துறைமுகத்தில் பகலெல்லாம் மூட்டை சுமந்தவன் இரவில் எங்கே தலை சாய்த்தான் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

கப்பல்துறை வேலை அன்றாடக் கூலி வேலை. விடிந்ததும் வாசலில் கூட்டம் முண்டியடிக்கும். மேஸ்திரி கை காட்டியவனுக்கு வேலை, மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கிடைத்தாலும் சில நாள் இரண்டு மணி நேர வேலையோடு சரி. 1889-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி வந்தது. பென்ஸ் என்பது பிரிட்டிஷ் சில்லறைக் காசு. இப்படி அன்றாடங்காய்ச்சியாக இருப்பவனை நம்பி யார் வாரவாடகைக்கு அறை கொடுப்பார்கள்? அன்றைய காசுக்கு அன்றைய படுக்கை, அதுதான் அவனுக்கு வாய்த்தது.

கிழக்கு லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், வைட்சாப்பல் சந்துகளில் அப்படிப்பட்ட விடுதிகள் வரிசையாக இருந்தன. ஓர் இரவுக்கு நாலு பென்ஸ். உள்ளே நுழைந்தால் முதலில் சமையல்கூடம். பெரிய கணப்பில் கரி கனன்றுகொண்டே இருக்கும். ஒருவர் ஹெர்ரிங் மீனை வாட்டுவார், ஒருவர் ரொட்டியைச் சுடுவார், இன்னொருவர் நனைந்த கோட்டைக் காயவைப்பார். குளிருக்கு இதமான இடம் அது ஒன்றுதான். இரவு ஏறியதும் விடுதிப் பொறுப்பாளர் காசு கேட்பார். இருப்பவன் மாடிக்குப் போவான், இல்லாதவன் தெருவுக்குப் போவான். மாடியில் கட்டில்கள் நெருக்கமாகக் கிடக்கும். பூட்ஸைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார்கள், விடிவதற்குள் அது காணாமல் போய்விடும் என்ற பயம்.

இந்த விடுதிகளுக்கென்று 1851-இல் ஒரு சட்டம் வந்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு முன்னின்று கொண்டுவந்தார். விடுதியைப் பதிவு செய்ய வேண்டும், ஏப்ரலிலும் அக்டோபரிலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், காய்ச்சல் கண்டால் தகவல் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது சுவரையும் கட்டிலையும் பார்த்த அளவுக்கு அங்கே படுத்திருந்த மனிதனைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் என்று நான் சொல்லக்கூடியவர் மான்டேகு கோரி. பிரதமர் டிஸ்ரேலியின் அந்தரங்கச் செயலாளராக இருந்து, பிறகு ரௌட்டன் பிரபு ஆனவர். ஏழைகளுக்கு வீடு கட்ட கின்னஸ் குடும்பத்துச் செல்வந்தர் அமைத்த அறக்கட்டளையில் இவரும் ஓர் அறங்காவலர். அந்த வேலைக்காகக் கிழக்கு லண்டன் விடுதிகளை நேரில் போய்ப் பார்த்தார். தனி ஆண்களுக்கென்று ஒரு பெரிய விடுதி கட்டலாம் என்றார். மற்றவர்கள் தயங்கவே, தம் சொந்தப் பணம் 30,000 பவுண்டைப் போட்டுத் தாமே இறங்கிவிட்டார்.

1892-ஆம் ஆண்டின் கடைசி நாளில் வாக்ஸால் பகுதியில் முதல் ரௌட்டன் விடுதி திறந்தது. இரவுக்கு ஆறு பென்ஸ், அதாவது கப்பல்துறையில் ஒரு மணி நேரக் கூலி. அந்தக் காசுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தடுப்பு வைத்த சின்னத் தனியறை, சலவை செய்த விரிப்பு, கதவு, தன் இஷ்டத்துக்குத் திறந்து மூட ஒரு ஜன்னல். நாளெல்லாம் பிறர் ஏவலுக்கு ஓடியவனுக்கு இந்த ஜன்னல் எவ்வளவு பெரிய விஷயம்! கீழே கழுவித் துடைக்கத் தோதாகப் பளிங்குபோன்ற ஓடு பதித்த சுவர்கள். நாள் முழுக்க நின்ற கால்களைக் கழுவிக்கொள்ளத் தனித் தொட்டிகள். தானே வாங்கி வந்ததைச் சமைத்துச் சாப்பிட அடுப்பு, பாத்திரம், தட்டு எல்லாம் உண்டு. புத்தகம் வாசிக்கவும் ஓர் அறை.

இதை அவர் தருமமாக நடத்தவில்லை. கம்பெனியாக்கிப் பங்குதாரருக்கு லாபமும் கொடுத்தார். அதில்தான் அவருடைய மரியாதை தெரிகிறது என்பேன். காசு கொடுத்துத் தங்குகிறவன் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம், பிரசங்கமும் கேட்க வேண்டாம்.

குறைகளும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் அறையை விட்டு இறங்கினால் சாயங்காலம் வரை மேலே போக முடியாது. இரவு வேலைக்காரன் பகலில் எங்கே தூங்குவான்? பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. நாலு பென்ஸ் மட்டும் வைத்திருந்தவன் பழைய சந்துக்கே போனான். அந்த இரண்டு பென்ஸ் வித்தியாசம் பலருக்கு ஒரு வேளை ரொட்டி.

ஆனாலும் கூட்டம் குறையவில்லை. கிங்ஸ் கிராஸ், நியூவிங்டன் பட்ஸ், ஹாமர்ஸ்மித், வைட்சாப்பல் என்று அடுத்தடுத்துக் கட்டினார்கள். 1905-இல் கேம்டன் டவுனில் ஆயிரம் பேருக்கு மேல் தங்கும் விடுதி எழுந்தது. ஆர்லிங்டன் ஹவுஸ் என்ற பெயரில் அது இன்றும் நிற்கிறது, வீடில்லாதவர்கள் இப்போதும் அங்கே தங்குகிறார்கள்.

நன்றி, வணக்கம்.