டார்வினும் சீட்டு ஒட்டாத குருவிகளும்

நண்பர்களே, வணக்கம்.

பள்ளிப் புத்தகத்தில் பரிணாமம் வரும் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு குருவித் தலைகள் வரைந்திருக்கும். ஒன்றுக்குத் தடித்த அலகு, ஒன்றுக்கு ஊசி அலகு. கூடவே ஒரு கதை: டார்வின் கலாபகோஸ் தீவுகளுக்குப் போனார், ஃபிஞ்ச் குருவிகளின் அலகைப் பார்த்தார், பரிணாமக் கொள்கை பிறந்தது. படம் அசல்தான், 1845-ல் வந்த டார்வினின் பயண நூலில் இருக்கிறது. கதைதான் சரியில்லை. நடந்தது அதைவிடச் சுவையானது என்பது என் கட்சி.

1835 செப்டம்பரில் பீகிள் கப்பல் கலாபகோஸை அடைந்தது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, எரிமலைகள் கக்கிய பாறையால் ஆன தீவுக்கூட்டம். டார்வினுக்கு அப்போது 26 வயது. ஐந்து வாரம் இருந்தார், நான்கு தீவுகளில் இறங்கினார். பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்திச் சேர்த்தார். ஆனால் எந்த ஃபிஞ்ச் எந்தத் தீவில் கிடைத்தது என்று பெரும்பாலும் சீட்டு எழுதி ஒட்டவில்லை. சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. ஒரே பாறை, ஒரே வெயில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் அடுத்த தீவு. அங்கே வேறு பறவை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? போதாக்குறைக்கு, இவை எல்லாம் ஒரே குடும்பம் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்றை ரென் குருவி என்று குறித்தார், இன்னொன்றை வேறொரு குடும்பத்தில் சேர்த்தார்.

அவர் கண்ணில் பட்டது மாக்கிங்பேர்ட் என்ற வேறொரு பறவை. முதல் தீவில் ஒன்றைப் பிடித்தார். இரண்டாவது தீவில் கிடைத்தது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. உடனே அந்தப் பறவைக்கு மட்டும் தீவுவாரியாகக் குறிப்பு வைத்தார். ஆமையைப் பார்த்தாலே அது எந்தத் தீவு ஆமை என்று சொல்லிவிடுவேன் என்று அங்கிருந்த துணை ஆளுநர் லாசன் சொன்னதும் சேர்ந்துகொண்டது. ஊர் திரும்பும் வழியில், 1836-ல், டார்வின் எழுதிவைத்தார்: இதெல்லாம் உண்மையானால் இனங்கள் மாறாதவை என்ற எண்ணமே ஆட்டம் கண்டுவிடும் என்று. தனி இனங்களாக இல்லாமல், ஒரே இனத்தின் வெறும் வகைகளாகவும் இருக்கலாம் என்ற சந்தேகமும் கூடவே இருந்தது.

சந்தேகத்தைத் தீர்த்தவர் ஜான் கூல்ட். பல்கலைக்கழகப் பட்டமெல்லாம் கிடையாது. லண்டன் விலங்கியல் சங்கத்தில் பறவைகளைப் பாடம் செய்யும் வேலையில் சேர்ந்தவர். 1837 ஜனவரியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, இவை அத்தனையும் ஒன்றுக்கொன்று நெருங்கிய ஃபிஞ்ச்கள், வேறெங்கும் இல்லாத புதுக் கூட்டம் என்றார். மார்ச்சில் மாக்கிங்பேர்ட்களிலும் மூன்று தனி இனங்கள் இருப்பதாகச் சொன்னார்.

டார்வினுக்கு இப்போதுதான் சீட்டு இல்லாத வலி தெரிந்தது. கப்பலில் மற்றவர்களும் பறவை சேர்த்திருந்தார்கள் அல்லவா? கேப்டன் ஃபிட்ஸ்ராயிடமும் தன் உதவியாளர் கவிங்டனிடமும் போய்க் கேட்டார். அவர்கள் தீவின் பெயரை ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள்! பின்னாளில் டார்வினின் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர் இந்த ஃபிட்ஸ்ராய். அவருடைய சீட்டுகள்தான் டார்வினுக்குக் கைகொடுத்தன. அந்த ஆண்டு ஜூலையில் இன மாற்றம் பற்றிய முதல் குறிப்பேட்டை டார்வின் தொடங்கினார். ஆனாலும் 1859-ல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் கலாபகோஸ் மாக்கிங்பேர்ட் வருகிறது, ஃபிஞ்ச்களைப் பெயர் சொல்லி ஒரு வரி இல்லை. மற்றவர்களின் சீட்டுகள் கிடைத்தும், தன் சொந்தக் குறிப்பு போதாத இடத்தில் அவர் அந்த நூலில் வாய் திறக்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்த மௌனத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

சரி, ஃபிஞ்ச் எப்போது நாயகனானது? அதற்கு நூறு வருடம் கழிய வேண்டியிருந்தது. டேவிட் லாக் என்ற பறவையியலாளர் 1938-ல் அங்கே போய் ஆராய்ந்து, 1947-ல் நூல் எழுதினார். புகழ் அதற்கப்புறம் வந்தது. அவரும் நடந்து முடிந்ததைத்தான் ஊகித்தார். சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகும் இயற்கைத் தேர்வு மிக மெதுவானது, நடக்கும்போது பார்க்க முடியாது என்று டார்வினே நினைத்திருந்தார்.

ஆனால் நடக்கும்போதே பார்த்தவர்கள் உண்டு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973-ல் கலாபகோஸில் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் கூடாரம் போட்டார்கள். அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத கல்மேடு. குடிக்கும் தண்ணீரையும் சுமந்துகொண்டுதான் ஏற வேண்டும். ஒவ்வொரு குருவியையும் வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகின் நீள அகல ஆழத்தை அளந்தார்கள். எது யாருக்குப் பிறந்தது என்ற வம்சக் கணக்கும் எழுதினார்கள்.

1977-ல் மழை பொய்த்தது. அங்கிருந்த நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற இனத்துக் குருவிகள் முதலில் சின்ன விதைகளைத் தின்று தீர்த்தன. மிஞ்சியது எது தெரியுமா? நம் வயல் வரப்பில் காலைக் குத்தும் நெருஞ்சியின் நெருங்கிய உறவு! அந்த முள்காயை உடைக்க ஆழமான அலகு வேண்டும். நூற்றுக்கு எண்பத்தைந்து குருவிகள் செத்துப்போயின. பிழைத்தவற்றின் சராசரி அலகு, முன்பிருந்ததைவிட அரை மில்லிமீட்டர் ஆழம் கூடியிருந்தது. அலகின் அளவு பெற்றோரிடமிருந்து வருவது என்பதால் அடுத்த தலைமுறைக் குஞ்சுகளுக்கும் பெரிய அலகே அமைந்தது. அரை மில்லிமீட்டர்தானே என்று சிரிக்க வேண்டாம். அந்தத் தீவில் சாவுக்கும் பிழைப்புக்கும் இடையில் இருந்த தூரம் அதுதான்.

1983-ல் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ வந்து பேய்மழை கொட்டியது. எங்கு பார்த்தாலும் சின்ன விதை. இப்போது சிறிய அலகுக்கு யோகம். பிறகு 2004-ல் மறுபடி வறட்சி, ஆனால் இம்முறை பெரிய அலகுகள் தோற்றன. காரணம், இடைப்பட்ட காலத்தில் பெரிய தரை ஃபிஞ்ச் என்ற இன்னொரு இனம் அங்கே குடியேறி, நெருஞ்சிக் காய்களைத் தின்று தீர்த்திருந்தது. ஒரே மாதிரியான இரண்டு வறட்சிகள் எதிரெதிர் விளைவைத் தந்தன; பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே அதை முடிவு செய்தது.

கடைசியாக ஒன்று. 1981-ல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எஸ்பன்யோலா தீவிலிருந்து ஓர் ஆண் ஃபிஞ்ச் டாஃப்னிக்கு வந்து சேர்ந்தது. பெரிய உடம்பு, அங்கே யாரும் கேட்டிராத பாட்டு. உள்ளூர்ப் பெண்குருவியோடு ஜோடி சேர்ந்தது. ஃபிஞ்ச் குஞ்சுகள் அப்பனிடம்தான் பாட்டுக் கற்கும். ஆகவே பிள்ளைகளுக்கும் அந்த அந்நியப் பாட்டே வந்தது. வறட்சியில் அந்த வம்சத்தில் அண்ணனும் தங்கையுமாக இரண்டே பறவைகள் மிஞ்சி, தங்களுக்குள்ளேயே இணைந்தன. அதற்குப் பின் வந்தவை உள்ளூர் ஃபிஞ்ச்களோடு கலக்கவில்லை. இதைத் தனி இனம் என்று இப்போதே அழைக்கலாமா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கிராண்ட் தம்பதியோ பெயர் சூட்டும் அவசரத்தில் இல்லை. அந்த வம்சத்தைப் ‘பெரிய பறவை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.