கட்டாத கிட்டும் ஓட்டாத காரும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாடல் விமானம் கட்டுகிறவர்களில் பலருக்குப் பழைய கார் மீதும் ஒரு கண் இருக்கும். பழைய கார் வைத்திருப்பவர்களில் பலருடைய அலமாரியைத் திறந்தால், பிளாஸ்டிக் விமான கிட்டுகள், அதாவது பாகங்களை ஒட்டிச் சேர்த்து மாடல் செய்யும் பெட்டிகள், வரிசையாக அடுக்கி இருக்கும். எனக்கு இரண்டு பைத்தியமும் உண்டு. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வதற்குக் காரணம் இருக்கிறது. விமானமும் காரும் பல தடவை ஒரே பட்டறையில், ஒரே பொறியாளர்கள் கையில் வளர்ந்தவை. முதலில் அதைக் கொஞ்சம் பேசுகிறேன். அப்புறம் உங்களிடம் கேட்டுக்கொள்ள வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கார்புரேட்டரையே எடுத்துக்கொள்வோம். பழைய காரில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது அதுதான். அதன் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு மிதவை. பெட்ரோல் மட்டம் ஏறினால் மிதவையும் ஏறி, ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். மட்டம் இறங்கினால் வழி திறந்துகொள்ளும். சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த ஏற்பாடு தாராளம். ஆனால் இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினுக்கும் இதே மாதிரி மிதவை வைத்த, எஸ்.யூ. என்ற நிறுவனத்தின் கார்புரேட்டர்தான். விமானி மூக்கைச் சட்டென்று கீழே குத்தினால், அறையில் இருக்கும் பெட்ரோல் மேல்பக்கம் எகிறிவிடும். எஞ்சின் முதலில் பெட்ரோல் கிடைக்காமல் திணறும். அடுத்த கணம் அளவுக்கு மீறிப் பெட்ரோல் பாய்ந்து மூச்சு முட்டும். எதிரே பறந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் டைம்லர் பென்ஸ் டி.பி. 601 எஞ்சினில் கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் பம்ப் இருந்தது. அதனால் ஜெர்மன் விமானிகள் தலைகீழாகக் குத்தித் தப்பிவிடுவார்கள். துரத்துகிறவரின் எஞ்சின் இருமும்.

இதற்கு 1941-ல் கைகொடுத்தவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். எஞ்சின் முழு வேகத்தில் குடிக்கக்கூடிய பெட்ரோல் மட்டும் போகும்படி துளையிட்ட சின்னப் பித்தளைத் துண்டு ஒன்றை எரிபொருள் பாதையில் வைத்தார். அவ்வளவுதான். பெட்ரோல் வெள்ளமாகப் பாய்வது நின்றது. எஞ்சினைக் கழற்றாமலே பொருத்தலாம் என்பதால், விமானத் தளங்களுக்கு நேரில் போய்ப் பொருத்திக் கொடுத்தார்கள். இந்தப் பெண்மணி மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் கெட்டிக்காரர். புரூக்லாண்ட்ஸ் பந்தயப் பாதையை மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றி வந்தவர். எஞ்சினின் மூச்சுத் திணறலைக் காதாலேயே அறிந்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு எளிய தீர்வு தோன்றும் என்பது என் எண்ணம்.

போர் முடிந்த பிறகு என்ன ஆயிற்று? சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் முறை 1954-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காருக்கு வந்து சேர்ந்தது. கதவுகள் மேல்நோக்கித் திறக்குமே, அந்தக் கார். எஸ்.யூ. கார்புரேட்டரோ மோரிஸ் மைனர், மினி, எம்.ஜி.பி. என்று சாதாரணக் குடும்பங்களின் கார்களில் தொடர்ந்தது. ஸ்வீடனில் விமானம் செய்துகொண்டிருந்த சாப் நிறுவனம் 1949-ல் சாப் 92 என்ற காரைத் தயாரிக்கத் தொடங்கியது. பக்கவாட்டில் பார்த்தால் விமான இறக்கையின் குறுக்குவெட்டு மாதிரியே இருக்கும். மெஸ்ஸர்ஷ்மிட் தொழிற்சாலையிலிருந்து 1950-களில் மூன்று சக்கரக் குட்டிக் கார் ஒன்று வெளிவந்தது. ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும், தலைக்கு மேலே கண்ணாடிக் கூண்டைப் பக்கவாட்டில் திறந்து ஏற வேண்டும். 1961-ல் ஜெனீவாவில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்த ஜாகுவார் ஈ-டைப் காருக்கு வடிவம் கொடுத்த மால்கம் சேயர், அதற்கு முன் பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் இருந்தவர்.

ஆகவே, ஸ்பிட்ஃபயர் கிட்டின் மூக்குப் பகுதியை ஒட்டிக்கொண்டிருக்கிறவர், தன் எம்.ஜி.பி. ஏன் வளைவில் விக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ளும் பாதையில்தான் இருக்கிறார். இது எனக்குப் பிடித்த விஷயம். நீட்டி முழக்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி மேசைக்கு வருவோம். மாடல் விமானங்களில் அதிகம் பேர் கட்டும் அளவு 1/72. ஓர் அங்குலம் என்றால் நிஜத்தில் ஆறு அடி. 1936-ல் இங்கிலாந்தில் ஃபிராக் பெங்குவின் என்ற பெயரில் வந்த முதல் பிளாஸ்டிக் விமான கிட்டுகளே இந்த அளவில்தான் இருந்தன. போர்க்காலத்தில், வானத்தில் வருவது நம்ம விமானமா எதிரியுடையதா என்று அடையாளம் காணப் பயிற்சி கொடுக்கவும் இந்த அளவு மாடல்களையே பயன்படுத்தினார்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 36 அடி 10 அங்குலம். 1/72-ல் அது ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இந்தச் சிறுமையில்தான் சவாலே இருக்கிறது. பிளாஸ்டிக்கின் மேல் தகடுகள் சேரும் இடத்தைக் காட்ட ஒரு கோடு கீறுகிறோம். 0.3 மில்லிமீட்டர் அகலம். தலைமுடியைவிடச் சில மடங்கு பெரிது, அவ்வளவுதான். அதை 72-ஆல் பெருக்கிப் பாருங்கள். நிஜ விமானத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி! அதில் விரலையே விடலாம். பெயிண்டும் அப்படித்தான். தடிமனாகப் பூசிவிட்டால், விமானத்துக்குச் சிமென்ட் பூசியது போல ஆகிவிடும். அதனால் தண்ணீராகக் கரைத்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்க வேண்டும். நல்ல மாடல் எங்கே நல்லதாக இருக்கிறது என்று கேட்டால், நான் விமானியின் முகத்தையோ துப்பாக்கியையோ பார்க்க மாட்டேன். இறக்கை உடலோடு சேரும் இடத்தைப் பார்ப்பேன். அங்கே பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, மறுபடி தேய்த்திருப்பவர் பொறுமைசாலி.

டெகால் ஒட்டுவது தனிக் கலை. நிறுவனச் சின்னம், எண்கள், எச்சரிக்கை வாசகங்கள் எல்லாம் மெல்லிய படலத்தில் அச்சாகி வரும். வெட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து ஒரு நிமிஷம் விட்டால், தாளிலிருந்து நழுவ ஆரம்பிக்கும். மாடலின் பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் படலத்துக்கு அடியில் காற்று சிக்கி, காய்ந்ததும் வெள்ளியாக மினுங்கும். இடத்தில் வைத்து, மேலே மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டு வைத்தால், படலம் சுருங்கிச் சுருங்கி அசிங்கமாகத் தெரியும். புதிதாகச் செய்கிறவர் பதறிப்போய்க் கை வைப்பார். வைக்கக் கூடாது. காயக் காயத் தானாகவே இழுத்துக்கொண்டு, கீறிய கோடுகளுக்குள் இறங்கி, பெயிண்டால் எழுதியது போல ஆகிவிடும்.

காரிலும் இதே மாதிரி நுணுக்கமான ஓர் இடம் உண்டு. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே பாயிண்ட் என்ற சின்ன ஸ்விட்ச் தெரியும். அது திறக்கும் கணத்தில்தான் பிளக்கில் பொறி விழுகிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது, பாயிண்ட் நிமிடத்துக்கு 6,000 தடவை திறந்து மூடுகிறது. பல கார்களில் அந்த இடைவெளி 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை உள்ளே விட்டு, அது லேசாக உரசிக்கொண்டு வெளியே வரும்படி திருகை இறுக்க வேண்டும். நாளாக ஆக, பாயிண்ட்டின் அடிப்பகுதி தேய்ந்து இடைவெளி குறையும். பொறி தாமதமாக விழும். வண்டி இழுவை இழக்கும், சூடாகும். இதையெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லாது, நாம்தான் கவனிக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் விசைப்பலகையைத் தட்டுகிற ஒருவருக்கு, தான் வைத்த ஒரு தகட்டு இடைவெளியால் எஞ்சின் சீராக ஓடுவதைக் கேட்பது எவ்வளவு பெரிய நிறைவு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, கேட்டுக்கொள்ள வந்த விஷயம் இதுதான். கிட்டைக் கட்டுங்கள். காரை ஓட்டுங்கள்.

இரண்டு பொழுதுபோக்கையும் ஒரே நோய் பிடித்திருக்கிறது. வாங்கி அடுக்குவது. கட்டுவதைவிட வேகமாக கிட்டுகள் சேர்கின்றன. ‘இது அரிதான கிட், இதைக் கெடுத்துவிடக் கூடாது’ என்று பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்கிறார்கள். காரும் அப்படியே. பளபளவென்று பாலிஷ் போட்டு, உறை மூடி, ஷெட்டில் நிற்கிறது. கீறல் விழுமே, விலை இறங்குமே என்ற கவலை. உலக அளவில் பழைய வாகனங்களுக்கான கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு பழையது, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படாதது என்று பழைய வாகனத்துக்கு வரையறை சொல்கிறது. தினமும் ஓட்டாதது என்பதை ஓட்டவே கூடாதது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணமே தவறு. பெட்டிக்குள் இருக்கும் டெகால் மஞ்சளாகும், அப்புறம் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடையும். மென்மையான வினைல் டயர்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால், டயரிலிருந்து கசியும் ரசாயனம் அந்த பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும். அரிய கிட் என்று பதறுவதிலும் பெரிய அர்த்தமில்லை. எஃகு அச்சுகள் பல பத்தாண்டு உழைக்கும், நிறுவனங்கள் பழைய அச்சை எடுத்துப் புதுப் பெட்டியில் மறுபடி வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன.

நிற்கும் காருக்கு இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உள்ளே சிலிண்டர் துருப்பிடிக்கும், அவசரத்தில் மிதிக்கும்போது அந்த ஈரம் கொதித்து பிரேக் பிடிக்காமல் போகும். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். பெட்ரோல் பழசாகி, கார்புரேட்டரின் ஊசித் துளைகளில் பிசினாக அடைக்கும். ஆயில் சீல்கள் காய்ந்து கசியும். கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்ளும். டயர் நின்ற இடத்திலேயே தட்டையாகும்.

விதிவிலக்கு உண்டு. இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் மஜோரே ஏரிக்கு அடியில் பல பத்தாண்டு கிடந்த 1925-ம் ஆண்டு புகாட்டி பிரெஸ்சியா காரை 2009-ல் மேலே எடுத்தார்கள். பாதி உடல் துருவாகிப் போயிருந்தது. வாங்கிய அருங்காட்சியகம் அதைப் புதுப்பிக்காமல் அப்படியே காட்சிக்கு வைத்தது. சரியான முடிவு. அந்தத் துருவைத் தொட்டிருந்தால், அந்தக் காரின் கதையே போயிருக்கும். ஆனால் ஓடுகிற நிலையில் இருக்கும் காருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இன்னொன்று, வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். குளிர்ந்த சைலென்சரில் அது தண்ணீராகவே தங்கி, உள்ளேயிருந்து அரிக்கும். கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடாகிவிட்டதாக மீட்டர் காட்டினாலும், ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். கிளம்பும் முன் பிரேக்கை மிதித்துப் பாருங்கள், டயரில் காற்றைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் வேலை இருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் கொடுங்கள். பழைய பிரேக் ஷூவின் தூசியை ஊதித் தள்ளாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

கிட் கட்டுகிறவர்கள், அடுக்கில் இருப்பதில் மிகச் சாதாரணமான ஒரு பெட்டியை இன்றைக்கே எடுத்து, விமானி உட்காரும் காக்பிட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பசையின் நெடி நல்லதல்ல. மூக்கில் சக்கரம் இருக்கும் விமானம் என்றால், உடலின் இரண்டு பாதியையும் ஒட்டும் முன்பே மூக்குக்குள் கொஞ்சம் ஈயமோ சின்ன இரும்புக் குண்டுகளோ போட்டு ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால், எல்லாம் முடித்து மேசையில் வைக்கும்போது வால் தரையில் உட்கார்ந்துவிடும். டெகால் மஞ்சளாகியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள். வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால், பெரும்பாலும் வெளுத்துக்கொடுக்கும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.