பழைய கீபோர்டு என்ன விலை போகும்? ஓராண்டு வாங்கி விற்றதில் தெரிந்தது

(திரையில்: மேசை மேல் ஒரு பழைய கீபோர்டு. பின்பக்க லேபிளை கேமரா நெருங்குகிறது.)

இந்த லேபிளைப் பாருங்கள். ஏசி 100 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. அது ஜப்பான் வீடுகளுக்கு வரும் மின்சாரம். நம் வீட்டுச் சுவரில் வருவது 230. இப்படிப்பட்ட பழைய கருவியை நேரே செருகினால், ஃபியூஸ் போவதோடு தப்பித்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பவர் சப்ளையே கருகிவிடும். யாரோ அங்கிருந்து கொண்டுவந்த கருவி மலிவாகக் கிடைக்கிறது என்றால், கூடவே 230-ஐ 100 ஆகக் குறைக்கும் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும், அதை எங்கும் தூக்கிக்கொண்டு அலையும் அலுப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள். நாளை உங்களிடம் வாங்க வருபவரும் இதே கணக்கைத்தான் போடுவார்.

கடந்த ஓராண்டாகச் சென்னையில் மின்னிசைக் கருவிகளை வாங்கி விற்று வருகிறேன். கடை எல்லாம் கிடையாது. வீட்டில் ஒரு அறை. லாபம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கருவி எந்த விலைக்கு ஏன் போகிறது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

இங்கே வாசிப்பவருக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் கருவி என் அறையில் தங்குவதே இல்லை, உடனே விற்றுப்போகும். வெளிநாட்டு வீடியோக்களில் கொண்டாடப்படும் கருவி மாதக்கணக்கில் தூசி வாங்கும்.

(திரையில்: எட்டுத் தட்டுகள் கொண்ட ரிதம் பேட்.)

இது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த எஸ்பிடி-20. தட்டினால் தாள வாத்திய ஒலி தரும் கருவி. 1998-இல் வந்தது. எட்டுத் தட்டுகள், 700 ஒலிகள். தபலாவும் அதில் உண்டு. இதைவிடப் புதிய பேட்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் மெல்லிசைக் கச்சேரிகளில் பேட் வாசிப்பவர்களில் பலருக்கு இதன் எந்தத் தட்டில் எந்த ஒலி என்பது கைக்கே தெரியும். அந்தப் பழக்கத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். ரோலண்ட் எக்ஸ்பி-50 கீபோர்டும் அப்படித்தான்: 1995-இல் வந்தது, ஃபிளாப்பி டிஸ்க் போடும் காலத்துக் கருவி. வாங்க வருபவர் டிரைவ் வேலை செய்கிறதா என்றுகூடச் சில சமயம் கேட்பதில்லை. "உள்ளே என்ன டோன் ஏற்றியிருக்கிறீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. டோன் என்றால் கருவியில் ஏற்றி வைத்திருக்கும் வாத்திய ஒலி. ஷெனாய், நாதஸ்வரம், சாரங்கி டோன்கள் நன்றாக அமைந்திருந்தால் உடம்பில் உள்ள கீறல்களை யாரும் எண்ணுவதில்லை.

ஆடித் திருவிழாக்களுக்கு முன்பும், கிறிஸ்துமஸுக்கு முன்பும் தொலைபேசி ஓயாது. குழுக்காரர்களும் தேவாலயங்களில் வாசிப்பவர்களும் அவசரத்தில் இருப்பார்கள். அப்போது விற்கலாம், வாங்கக் கூடாது.

ஆசைக்காக வாங்கப்படும் கருவிகளின் கதை வேறு. அதன் உச்சம் ரோலண்டின் டிபி-303.

(திரையில்: வெள்ளி நிறப் பெட்டி, வரிசையாகக் குமிழ்கள்.)

1981-இல் வந்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக பேஸ், அதாவது அடித்தளமாக ஒலிக்கும் கீழ்ச்சுரங்களை வாசிப்பதற்கென்று செய்த பெட்டி. அதன் ஒலி பேஸ் கிட்டார் போலவே இல்லை, அதில் சுரங்களை ஏற்றுவதும் பெரும் தொல்லை. சுமார் 10,000 பெட்டிகளோடு 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். தேங்கிய பெட்டிகள் அடிமாட்டு விலைக்குப் போயின. அப்படிக் கிடைத்த ஒன்றை வைத்து, டிஜே பியர் இருந்த சிகாகோக் குழு 1987-இல் ஓர் இசைத்தட்டு போட்டது. பெட்டி ஓடும்போதே குமிழ்களைத் திருகி, ஒலியைக் கிறீச்சிட வைத்தார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது. இன்று அசல் 303-க்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு: மும்பையில் இந்தி சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-லேயே அதே பெட்டியையும் வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தோடு வாசித்துப் பதிவு செய்துவிட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை.

303-ஐப் போலவே ஒலிக்கும், பெரிங்கர் நிறுவனத்தின் டிடி-3, 2019 முதல் மலிவாகக் கிடைக்கிறது. அதனால் அசலின் விலை இறங்கிவிடவில்லை. ஆசைக்கு விலை வைப்பது ஒலி மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

என் அறைக்கு 303 வரப்போவதில்லை. வருவதெல்லாம் அடிபட்ட கீபோர்டுகள். அவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

(திரையில்: கீபோர்டிலிருந்து கழற்றிய கட்டை. அடியில் ரப்பர் பட்டை.)

ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பரில் இரண்டு கார்பன் புள்ளிகள் இருக்கின்றன. கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் தொடும், அடுத்தது கண நேரம் கழித்துத் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் மெல்லத் தொட்டீர்களா, ஓங்கி அடித்தீர்களா என்பதைக் கருவி தெரிந்துகொள்கிறது. புள்ளியில் தூசி படிந்தால் இந்த அளவு குழம்பும்: ஒரு கட்டை ஊமையாகும், இன்னொன்று தொட்டாலே அலறும். ஆகவே விற்பவர் வீட்டில் உட்கார்ந்து உங்களுக்குத் தெரிந்த பாட்டை வாசிக்காதீர்கள். கீழிருந்து மேல்வரை எல்லாக் கட்டைகளையும் ஒரே மென்மையோடு ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அலறும் கட்டை தானே காட்டிக்கொடுக்கும். தூசி என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் சரியாகிவிடும். கார்பனே தேய்ந்திருந்தால் ரப்பர் பட்டையை மாற்ற வேண்டும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

ரோலண்ட் ஜேடி-800 போன்ற சில பழைய கருவிகளில் இன்னொரு வியாதி உண்டு. கட்டைக்குள் எடையை ஒட்டிய சிவப்புப் பசை வருடங்கள் போகப் போக இளகி, உள்ளே சொட்டும். நம் வெயில் அதற்குத் தோதானது. கட்டைகளின் இடுக்கில் சிவப்பாகப் பிசுபிசுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடாப்டரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ரோலண்ட், பாஸ் (Boss) நிறுவனக் கருவிகளின் வழக்கமான 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை மைனஸ். கோர்க் நிறுவனத்தின் வோல்கா என்ற சிறு கருவிகளில் நடுமுனை பிளஸ். பிளக் பொருந்துகிறது என்று மாற்றிச் செருகுவது வீண் வம்பு.

விற்கும்போது நான் செய்வது ஒன்றுதான். எல்லாக் கட்டைகளையும் வரிசையாக அழுத்தி, பின்பக்க லேபிளையும் சேர்த்து ஒரு வீடியோ எடுத்து, கேட்பவருக்கு அனுப்பிவிடுகிறேன். அதற்குப் பிறகும் "கடைசியாக என்ன விலை?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பேரம் ஐந்நூறு, ஆயிரத்தோடு முடிந்துவிடுகிறது.